பம்பரகந்தை அருவி

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாகப் பதுளை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் நேயர்களுட் பலர் பயணஞ் செய்திருப்பீர்கள். பலாங்கொடையையும் பெலிகுல் ஓயாவையும் கடந்ததும் இடப்புறத்தே மலைகள் மதில்போல் எழுந்து நிற்கும். அம்மதிலின் அடியிலே, அல்துமுல்லையை அடைவதற்கு முன்பாக, கலுபஹன என்றொரு சிறு சந்தி உண்டு. அங்கே பஸ் வண்டியிலிருந்து இறங்குவோர் பெரும்பாலும் அயலூர் மக்களே. ஏனையோர் அப்புத்தளைக் குளிரை நினைந்தவராய் மேலே போய்விடுவர். அச்சந்தியிலிருந்து மலைப்பக்கமாகப் பிரியும் கிளைவழியில் ஏறத்தாழ 5 கிலோமீற்றர் சென்றால் இலங்கைத் தீவின் மிக உயர்ந்த நீர்வீழ்ச்சியைக் காணலாம். அச்சாலையிற் பலமுறை போய்வந்த நானும் இதனை நெடுங்காலம் அறிந்திலேன்.

பம்பரகந்தை என்பது அவ்வருவியின் பெயர். வளவை கங்கையோடு சேரும் குடா ஓயா என்னும் சிற்றாறு, 263 மீற்றர் உயரத்திலிருந்து அங்கே விழுகின்றது. அடிக்கணக்கிற் கூறின் 863 அடி. சிகிரியாக் குன்றின் உச்சியையே அண்ணாந்து பார்த்து நாம் வியக்கின்றோம். சுற்றியுள்ள தரையிலிருந்து அக்குன்று எழும் உயரமோ ஏறத்தாழ 180 மீற்றர்தான். இவ்வளவு பெரிய அருவி எவ்வாறு மறைந்து கிடந்தது என்று கேட்பீர்கள். அது சாலையோரத்தில் இல்லை என்பதே விடை. இதே சாலையில் இன்னுங் கிழக்கே, கொஸ்லாந்தைக்கு அப்பால், 220 மீற்றர் உயரமுள்ள தியலும அருவி வழிப்போக்கரின் கண்ணெதிரே விழுகின்றது. வண்டியை விட்டு இறங்காமலே காணக்கூடிய அழகுக்கு எப்போதும் புகழ் அதிகம்.

பெயரைக் கேட்டவுடன் நம் சிறுவர் கயிறு சுற்றி ஆட்டும் பம்பரத்தை நினைத்துவிடலாகாது. சிங்கள மொழியிலே பம்பர என்பது மலைத்தேனீயைக் குறிக்கும். வடமொழியில் வண்டினைச் சுட்டும் பிரமரம் என்னும் சொல்லே அவ்வாறு திரிந்தது. கந்த என்பது மலை. ஆகவே மலைத்தேனீயின் மலை என்பது பொருள். இவ்வருவிக்கு நீரைக் கொண்டு எவரும் பெயர் சூட்டவில்லை. அதன் அயலில் வாழ்ந்த ஒரு சிற்றுயிரைக் கொண்டே சூட்டியிருக்கின்றனர். அப்பெயரின் காரணத்தைத் தேடியே அன்று நான் கலுபஹனச் சந்தியில் இறங்கினேன்.

சந்தியிலிருந்த தேநீர்க் கடையிலே எனக்கு வழிகாட்ட இசைந்தவர் ஒரு முதியவர். அயலிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்ந்தவர். என் கையிலிருந்த குடையையும் என் தலையையும் அவர் மாறிமாறிப் பார்த்தார். “ஐயா, அந்தக் கறுப்புக் குடைய அங்க வந்து விரிச்சிடாதீங்க. குளவிக்குக் கறுப்பு ஆகாது. தலையில வாசன எண்ணெய் வச்சிருக்கீங்கபோல. போற வழியில ஓடை வரும், கழுவிக்கிட்டு வாங்க” என்றார். தோட்டப்புறத்து மக்கள் கொட்டுகின்ற பூச்சியை எல்லாம் குளவி என்றே கூறுவர். மலைத்தேனீக்கும் அவர்கள் வாயில் அதுவே பெயர். கருநிறமும் கடும் வாசனையும் மலைத்தேனீயைச் சினங்கொள்ளச் செய்யும் என்பதை உயிரியல் நூல்களும் ஒப்புகின்றன. முதியவரோ எந்த நூலையும் படித்தவர் அல்லர். நான் ஓடையிலே தலையைக் கழுவிக்கொண்டேன்.

கிளைவழி மரவரிசைக்குள் நுழையும் இடத்தில் அவர் ஒரு சிறு கொப்பை இலையுடன் ஒடித்து, தாழ்ந்திருந்த கிளையொன்றின்மேல் தொங்கவிட்டுக் கைகூப்பினார். காட்டுவழி புகுவோர் இவ்வாறு தழை தொங்கவிட்டுக் காவல் வேண்டும் வழக்கம் நம் தீவில் மிகப் பழையது. வன்னிக் காடுகளிலும் வடமத்திய காடுகளிலும் நீர்ப்பாசனப் பணி புரிந்த ஹென்றி பார்க்கர் என்னும் ஆங்கிலேயர், 1909இல் வெளியிட்ட தம் பழைய இலங்கை பற்றிய நூலிலே, காட்டுக்குக் காவலாகிய ஐயனார் வழிபாட்டைப் பற்றி எழுதியிருக்கின்றார். சிங்கள மக்கள் அத்தெய்வத்தை ஐயநாயக்க தெய்வம் என்பர். பெயரைச் சிறிது மாற்றி இரு மொழியினரும் ஒரே காவலனிடம் அடைக்கலம் புகுகின்றனர். முதியவர் எந்தத் தெய்வத்தை நினைத்துக் கும்பிட்டார் என்று நான் கேட்கவில்லை.

காடு என்று சொன்னேன். உண்மையில் அருவியைச் சூழ்ந்து நிற்பது இயற்கைக் காடு அன்று; நட்டு வளர்த்த பைனஸ் மரக் காடு. நடு அமெரிக்காவையும் கரிபியன் தீவுகளையும் தாயகமாகக் கொண்ட இம்மரம், தேய்ந்த மண்ணையும் வெறும் புல்வெளியையும் விரைவிலே பசுமையாக்கும் நோக்கத்தோடு, 1970களிலும் 1980களிலும் நம் மலைச்சரிவுகளிற் பெருமளவில் நடப்பட்டது. ஒரே உயரம், ஒரே இடைவெளி, வரிசை தவறாத தண்டுகள். தரையெல்லாம் ஊசியிலைகள் உதிர்ந்து மெத்தைபோற் கிடந்தன. கால் வைத்தால் வழுக்கிற்று. அங்கே நடக்கையில் என் மனத்தை உறுத்தியது யாதென்று முதலில் எனக்கே விளங்கவில்லை. சிறிது தூரம் சென்ற பின்னரே விளங்கிற்று. காற்று கிளைகளில் இரைந்துகொண்டிருந்தது. ஆயினும் பறவையின் குரலோ வண்டின் முரலலோ சிறிதும் இல்லை.

ஒரு வளைவு திரும்பியதும் மரங்கள் விலகின. அருவி தெரிந்தது. வானத்திலிருந்து தொங்கவிட்ட நீண்ட வெண்துகில் ஒன்றைக் காற்று இப்புறமும் அப்புறமுமாக அசைப்பதுபோல் இருந்தது. நான் சென்றது மழை குறைந்த மாதத்தில். ஆதலால் நீர் மெலிந்திருந்தது. பாதி உயரத்திலேயே காற்று அதனைத் தூளாக்கிவிட்டது. ஒக்டோபர் தொடங்கிப் பெய்யும் மழைக்குப் பின்னர் வருவோர் வேறோர் அருவியைக் காண்பர். அப்போது அதன் ஓசை நெடுந்தொலைவு கேட்கும் என்றார் முதியவர். அடியிலே ஒரு தடாகம். அதன் நீர் கைவிரல்களை விறைக்கச் செய்தது.

இம்மலை மதில் எவ்வாறு தோன்றியது என்பதில் அறிஞர்க்குள் நெடிய ஆராய்ச்சி நடந்திருக்கின்றது. இலங்கையின் நிலம் மூன்று படிகளாக அமைந்துள்ளது என்று 1929இல் எப். டி. அடம்ஸ் என்னும் கனேடியப் புவியியல் அறிஞர் எழுதினார். கடலோரச் சமவெளி ஒரு படி. இடைப்பட்ட மேட்டுநிலம் ஒரு படி. ஹோட்டன் சமவெளி போன்ற உயர்நிலம் மூன்றாவது. பின்னர் இந்நாட்டிற் பணியாற்றிய டி. என். வாடியா என்னும் இந்திய அறிஞர், நிலம் பாளம் பாளமாக மேலே உயர்த்தப்பட்டதே இப்படிகளுக்குக் காரணம் என்றார். கருத்து எதுவாயினும், ஹோட்டன் சமவெளியின் பக்கத்திலிருந்து தெற்கே இறங்க முயலும் நீருக்கு இங்கே படிக்கட்டு இல்லை. மதிலின் விளிம்பு மட்டுமே உண்டு. விளிம்பிலிருந்து அது குதிக்கின்றது. அந்த மதிலே தேனீக்கும் வீடாயிற்று.

மலைத்தேனீ பொந்திலே வாழ்வதில்லை. ஓங்கிய பாறையின் கீழ்விளிம்பிலோ உயர்ந்த மரக்கிளையிலோ ஒற்றை அடையைத் தொங்கவிட்டு, வெயிலும் காற்றும் படத் திறந்தவெளியில் வாழும். அடை ஒரு மீற்றர் அகலத்துக்கும் மேலாக வளரும். அதன்மேல் பல்லாயிரம் தேனீக்கள் ஒன்றன்மேலொன்றாக அடர்ந்து ஒரு கரிய போர்வையாகப் படிந்திருக்கும். பகை நெருங்கினால் அப்போர்வையின்மேல் ஓர் அலை ஓடும். ஓராயிரம் உடல்கள் ஒரு நொடியில் வரிசையாக நிமிர்ந்து தாழ்வதே அந்த அலை. இன்னும் நெருங்காதே என்பது அதன் பொருள். பொருளை அறியாது நெருங்கியவர்கள் சிகிரியாவிலே பட்ட பாட்டை நீங்கள் செய்தித்தாள்களிற் படித்திருப்பீர்கள்.

இத்தேனீ ஓரிடத்தில் ஆண்டு முழுவதும் தங்குவதுமில்லை. தாழ்நிலத்திலே பூ ஓய்ந்தபோது கூட்டத்தோடு புறப்பட்டு மலைநாட்டுக்கு ஏறும். மலையிலே பூ ஓய்ந்தபோது மீண்டும் இறங்கும். இந்தப் போக்குவரத்தை ஜெர்மனியரான கோனிகர் தம்பதியர் நம் நாட்டிலேயே நேரிற் கண்டு ஆராய்ந்து 1980இல் எழுதினர். தாழ்ந்த உலர் நிலத்துக்கும் குளிர்ந்த உயர்நிலத்துக்கும் நடுவே நிற்பது பம்பரகந்தை. அத்தகைய இடத்துப் பாறை, வழிச்செல்லும் கூட்டங்களுக்கு ஒரு சத்திரம் போன்று பயன்பட்டிருக்கும் என்று நான் எண்ணுகின்றேன். மேலே ஹோட்டன் சமவெளியில் நெலு என்னும் செடி உண்டு. நம் பழைய புலவர்கள் போற்றிய குறிஞ்சியின் இனமே அது. அதன் வகைகளுட் சில ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருங்கே பூத்துக் குலுங்கும். குறிஞ்சிப் பூவின் தேனைப் பற்றிப் பாடும் குறுந்தொகைப் பாட்டொன்றை நம்மிற் பலர் பள்ளியிலே மனனஞ் செய்திருக்கின்றோம். ஏட்டிலே படித்த அந்தக் குறிஞ்சித் திணை நமக்கு அயலிலே, அப்புத்தளைக்கு மேற்கே, உயிரோடு இருக்கின்றது என்பதை அங்கேதான் உணர்ந்தேன்.

இனி, பாறைத்தேன் எடுப்பவர்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1911இல் செலிக்மன் தம்பதியர் வெளியிட்ட வேடர் பற்றிய பெருநூலில் இத்தொழில் விரிவாகச் சொல்லப்படுகின்றது. கொடிகளை முறுக்கிப் பின்னி ஏணி செய்வர். அதனை உச்சியிலே கட்டிச் செங்குத்தான பாறை வழியே தொங்கவிடுவர். ஒருவன் அதிலே இறங்கி, புகையும் தழைக்கட்டை வீசித் தேனீக்களை விலக்கி, அடையை அறுத்து, மான்தோலாற் செய்த கலத்திலே சேர்ப்பான். இறங்குவதற்கு முன் பாறையில் உறையும் தெய்வங்களை வேண்டிக்கொள்வர். கீழே ஆழம், முகத்தைச் சுற்றிப் பல்லாயிரம் கொடுக்குகள், உயிரைத் தாங்குவது ஒரு கொடி. அந்நிலையில் வேண்டாதவன் எவன்?

இந்தக் கொடிக் கயிற்றை மனத்திலே வைத்துக்கொண்டு, இதே பெருஞ்சாலை ஓரத்துக் கதைகளைக் கேளுங்கள். இரத்தினபுரிக்கு முன்னால், குருவிட்டைக்கு அருகிலே போபத் அருவி விழுகின்றது. அரசிலை வடிவில் விரிவதால் அதற்கு அப்பெயர். அதன் அடியிலே புதையல் ஒன்று மறைந்திருப்பதாகவும், அது உயிர்ப்பலி கேட்பதாகவும் ஊரார் கூறுவர். நீராடச் சென்று அங்கே மாண்டவர் பலர். ஆதலால் அக்கதை எவ்வாறு பிறந்தது என்று ஆராயவேண்டியதில்லை. தியலும அருவியின் கதையோ வேறு வகையானது. வேடரோடு பழகிய மருத்துவரும் எழுத்தாளருமான ஆர். எல். ஸ்பிட்டல் அதனைத் தம் நூலொன்றிலே எழுதிவைத்தார்.

இளந்தலைவன் ஒருவன் மலைநாட்டுக்கு நாடுகடத்தப்படுகின்றான். அவனுக்கு நிச்சயித்த பெண் அவனைத் தேடி மலையடிக்கு வந்துவிடுகின்றாள். கணவாய்கள் எல்லாவற்றிலும் காவல். மேலே ஏற வழியில்லை. அவன் கொடிகளை முறுக்கிக் கயிறாக்கி மலைவிளிம்பிலிருந்து கீழே விடுகின்றான். அவள் அதனைப் பற்றிக்கொள்கின்றாள். அவன் இழுக்க இழுக்க, அவள் உடல் பாறையிலே மோதி மோதிச் சிதைகின்றது. உச்சியை அடைந்தபோது உயிர் இல்லை. அந்தக் கொடுங்காட்சியைக் காணப் பொறாத தேவர்கள், மலையைப் பிளந்து நீரை வரவழைத்துப் பாறையிலிருந்த குருதியை மறைத்தார்கள். அந்நீரே இன்று விழும் தியலும.

இக்கதையைக் காதற் கதை என்றே யாவரும் சொல்வர். எனக்கு அதில் வேறொன்று தெரிகின்றது. முறுக்கிய கொடி, மலைவிளிம்பு, பாறையில் மோதும் உடல்: தேன் எடுப்போர் வீட்டாருக்கு இவை கற்பனைப் பொருள்கள் அல்ல. அறுந்த ஏணியும் திரும்பாத மகனும் அம்மலையடிக் குடிசைகள் அறியாதனவாய் இருந்திரா. அத்துயரத்திலிருந்துதான் கதை தன் கயிற்றை எடுத்துக்கொண்டது என்பது என் ஊகம். ஊகம் என்றே அதனைக் கொள்ளுங்கள்.

கொஸ்லாந்தை என்னும் பெயரைச் சொன்னபின் ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை, அவ்வூரை அடுத்த மீரியபெத்தை தோட்டத்தின்மேல் மலை சரிந்து, லயக் குடியிருப்புகளை உள்ளிருந்த மக்களோடு மண்ணாக மூடிற்று. இந்த மதிலின் அடியிலே வாழ்வோர்க்கு மலை என்பது வெறுங் காட்சி அன்று.

அருவிக்கு எதிரே ஒரு பாறையில் நாங்கள் அமர்ந்தோம். தேனடை எங்கே என்று கேட்டேன். முதியவர் கண்களைச் சுருக்கி, நீருக்கு வலப்புறம் நெடுநேரம் பார்த்தார். பின்பு விரலை நீட்டினார். எனக்கு முதலில் ஒன்றுந் தெரியவில்லை. பாறையின் கறை என்று எண்ணியது ஓர் அடை. அருகில் இன்னும் ஒன்று. அவ்வளவே.

“நான் சின்னப் பையனா இருக்கையில எங்க அப்பா கூட்டிக்கிட்டு வந்து காட்டினாரு. அந்தப் பக்கம் முழுக்கக் கறுப்புப் பாய் தொங்கவிட்ட மாதிரி இருந்திச்சு, ஐயா. இங்க யாரும் சத்தம் போட மாட்டாங்க. அருவிக்கு ஆகாதுன்னு சொல்லுவாங்க. இப்ப பொடியன்க வந்து பாட்டுப் போட்டு ஆடுறானுங்க. ஒண்ணும் ஆகல. எதுக்கு ஆகும்? குளவி இருந்தாத்தானே” என்றார்.

அவர் சொல்லை அப்படியே முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. வலசை போகும் உயிர் ஒரு மாதத்தில் இல்லை என்றால், ஒழிந்தது என்று பொருளாகாது. நான் சென்றது அவை வேறிடம் போகும் பருவமாகவும் இருக்கலாம். ஆயினும் ஒரு செய்தியில் ஐயத்திற்கு இடமில்லை. பைனஸ் மரம் காற்றினால் மகரந்தச் சேர்க்கை பெறுவது. வண்டுக்காக அது பூந்தேன் சுரப்பதில்லை. தேனீயின் பெயரைத் தாங்கிய மலையைச் சுற்றி, தேனீக்கு ஒரு துளியும் கொடாத மரத்தை நாம் நட்டு நிரப்பியிருக்கின்றோம். அங்கே நடக்கையில் என் செவி தேடிக் காணாத முரலலுக்கு இதுவே காரணம். இம்மரங்கள் நீரூற்றுகளையும் வற்றச் செய்துவிட்டன என்று ஊரார் குறை கூறுகின்றனர். அறிஞரிடையே அதுபற்றி வாதம் உண்டு. உலர்ந்த ஊசியிலைகளில் எளிதிலே தீப்பற்றுவதை மட்டும் ஒவ்வொரு கோடையிலும் ஊவா மக்கள் கண்ணாற் காண்கின்றனர்.

கரவின்றிக் கூறுவதானால், நட்டவர்களைக் குறைகூறவும் எனக்கு மனம் வரவில்லை. காடு அழிந்து, மண் கரைந்து, புல்லும் கருகி நின்ற சரிவுகளிலே அன்று வேறெந்த மரமும் அவ்வளவு விரைவில் வேரூன்றியிராது. கரிபியன் பைனஸைச் செவிலியாகக் கொண்டு பழைய காட்டை மீட்கலாம் என்பதற்கும் சான்று உண்டு. சிங்கராஜ வனத்தின் ஓரத்திலே, பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குணதிலக தம்பதியரும் அவர்களோடு உழைத்த அமெரிக்க ஆய்வாளர்களும், பைனஸ் வரிசைகளுட் சிலவற்றை நீக்கி, அந்த இடைவெளியிலே இந்நாட்டு மழைக்காட்டு மரக்கன்றுகளை நட்டுப் பார்த்தனர். நிழலும் ஒளியும் அளவோடு கிடைக்கவே கன்றுகள் தழைத்தன. 1997இல் அம்முடிவுகள் வெளிவந்தன. சிங்கராஜத்து மழை வேறு, ஊவாச் சரிவின் மழை வேறு. இங்கே எந்த மரத்தை நடுவது என்பதை இம்மண்ணிலேயே சோதித்து அறியவேண்டும்.

தோட்டங்களிலோ குளவிக் கொட்டு என்பது நாளேடுகளில் அடிக்கடி வரும் செய்தியாகிவிட்டது. அவருடைய மருமகளும் கொழுந்து பறிக்கையில் கொட்டுப்பட்டு, நான்கு நாட்கள் வைத்தியசாலையிற் கிடந்தவள். மலைநாட்டுத் தோட்டங்களில் உயிரிழந்தோரும் உளர். “பாறையில இருந்தது எங்க போகும்? மலைக்கு மேல பூ இல்ல. எங்க மரத்துக்குத்தான் வரும்” என்பது முதியவரின் கணிப்பு. தேயிலை மலைகளிலே ஆங்காங்கு நிற்கும் உயர்ந்த மரங்களில் அடைகள் தொங்குவதை நானும் பார்த்திருக்கின்றேன். அடை தொங்கும் மரத்தின் கீழுள்ள மலையை அந்நாட்களில் விலக்கி வைப்பதும், கொட்டுப்பட்டவரை விரைந்து எடுத்துச்செல்ல ஒரு வண்டி ஆயத்தமாக நிற்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

அருவியைக் காணச் செல்ல விரும்பும் நேயர்க்கு இரண்டொரு குறிப்பு. ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையே சென்றால் நீர் நிறைந்திருக்கும். வழியிலே அட்டையும் நிறைந்திருக்கும். காலையிலேயே புறப்படுங்கள், பிற்பகலில் மலையை மஞ்சு மூடிவிடும். கால் வலியவர்கள் அருவியைக் கண்டபின் மேலே ஏறி, லங்கா எல்ல என்னும் சிறிய அருவியையும் பார்த்து, உடவேரியா தோட்டத்து வழியாக ஒகியாவை அடையலாம். மிகச் செங்குத்தான அப்பாதைக்குச் சாத்தானின் படிக்கட்டு என்று பெயர். அவ்வழியே போவதானால் ஊர் அறிந்த ஒருவரைத் துணைக்கொள்ளுங்கள். தடாகத்திலே நீந்த முயலவேண்டாம். வாசனை எண்ணெயைப் பற்றி முன்னரே கூறிவிட்டேன்.

நாங்கள் திரும்பும்போது காற்று தணிந்திருந்தது. காட்டுவழியின் வாயிலில், காலையிலே தொங்கவிட்ட கொப்பைக் காணவில்லை, காற்றில் விழுந்திருக்கவேண்டும். முதியவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அயலிலே பைனஸ் தவிர வேறு மரம் இல்லை. சிறிது தூரம் இறங்கிப் போய், ஓடைக்கரையிலிருந்து ஒரு பச்சைக் கொப்பைத் தேடி ஒடித்து வந்து, பழைய இடத்திலேயே தொங்கவிட்டார். “வீட்டுக்குப் போயிட்டோம்னு சொல்லிட்டுப் போகணும், ஐயா” என்றார்.